இமை உள்ள பல்லி

ஜெரூஷா மிஸ் விசா முடிந்து போகும்போது
மூன்றாம் வகுப்பு டி பிரிவின் அலமாரிச் சாவியையும்
திருத்தாத நோட்டுகள் நாற்பத்தொன்றையும்
ஒரு கண்ணாடித் தொட்டியையும்
என் தலையில் கட்டினார்.
தொட்டிக்குள் பல்லி.
ஓட்ஸ் டப்பாவுக்குள் அதன் சாப்பாடு
நெளிந்துகொண்டிருந்தது.
"கடிக்காது" என்றார்.
கடிப்பதைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

மீன் கழுவிய தண்ணீரைக்
கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறவள் நான்.
முட்டையில் ரத்தப்புள்ளி தெரிந்தால்
அன்றைக்கு வெறும் ரசம்.
கல்லூரியில் தவளை அறுத்த நாளில்
பக்கத்து மேசைக்காரி கத்தி பிடித்தாள்,
பதிலுக்கு அவள் ரெக்கார்டு நோட்டு முழுக்க
நான் வரைந்து கொடுத்தேன்.
பார்க்காமலே வரைந்த அந்த இதயத்துக்கு
பத்துக்குப் பத்து.

மஞ்சள் உடம்பில் கருகல் புள்ளிகள்.
பிள்ளைகள் வைத்த பெயர் குபூஸ்.
புழு எடுக்க ரிதோபிரதோ,
தண்ணீர் மாற்ற ஹனியா,
தூர நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்ல
டீச்சர்.
ஒருநாள் ஒரு புழு யாருடைய சட்டைப்பையிலோ ஏறி
ஸ்கூல் பஸ்ஸில் ஃபலஜ் வரைக்கும் போய்வந்தது.
அன்று இரவு எனக்குத்தான்
உடம்பெல்லாம் ஊர்ந்தது.

தினசரிக் காலண்டரின் பின்பக்கம்
பல்லிக்குப் பலன் போட்டிருக்கும்.
தலையில் விழுந்தால் கலகம்,
தோளில் விழுந்தால் வெற்றி.
எல்லாம் விழுகிற பல்லிக்கு.
தூக்குகிற பல்லிக்கு
ஒரு வரி கிடையாது.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை.
இரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கினால்
ஞாயிறு காலைதான் ஏசி.
"ஆர்டர், மேடம்" என்றார் வாட்ச்மேன் குல் ஜமான்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
தொட்டி மேல் துப்பட்டாவைப் போட்டு
அணைத்துக்கொண்டு நடந்தேன்,
முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு.

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.
ளப்பா என்று கேட்டார்.
அதன் தம்பி என்றேன், எனக்குத் தெரிந்த அரபியில்.
சிரிக்கவில்லை.
முன்னால் இருந்த ஏசி வாயைப்
பின் சீட்டுப் பக்கம் திருப்பிவிட்டு
சோஹார் ரவுண்டானா தாண்டும்வரை
வேர்த்துக்கொண்டே ஓட்டினார்.

அவருக்கு அலுமினிய ஆலையில் இரவு ஷிஃப்ட்.
வீட்டில் நானும் குபூஸும்.
தோல் உரிக்கும் நாளாம் அது.
உடம்பெல்லாம் கழன்றுவிட்டது,
விரல்களில் மட்டும் மோதிரம் மாதிரி இறுகி நின்றது.
ஒரு விரல் ஏற்கெனவே கறுத்திருந்தது.
விட்டால் மற்றதும் போகும் என்று
ஹனியா நேற்றே சொல்லியிருந்தாள்.
நான்தான்
கணக்குப் பாடத்தில் இருந்தேன்.

டிபன் பாக்ஸ் மூடியில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர்.
காது குடையும் பஞ்சு.
மூக்கை மூட மூன்றாவது கை இல்லை.
தொட்டேன்.
வழவழப்பாய் இருக்கும் என்று
முப்பத்தெட்டு வருஷமாய் நினைத்திருந்தேன்.
காய்ந்த துணி மாதிரி இருந்தது.
உள்ளே ஏதோ படபடவென்று
என்னைவிட வேகமாய்.

ஒவ்வொரு விரலாய் நனைத்து, தேய்த்து, நனைத்து.
நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்
வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பன்னிரண்டாவது விரலில்
அது கண்ணை மூடியது.
சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது.
இதற்கு இருக்கிறது.
மூடி, அப்படியே
என் உள்ளங்கையில் தாடையை வைத்தது.

உரிந்த தோலை அது தின்றபோது
மறுபடியும் வாஷ்பேசின்தான்.
குமட்டல் போய்விட்டது என்று
யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலை, வருகைப் பதிவுக்கு முன்பே
ரிதோபிரதோ விரல் எண்ணினான்.
"பத்தொன்பது, மிஸ்."
"தெரியும்."
"அந்த ஒண்ணு எங்கே?"

குப்பையில் போட வரவில்லை எனக்கு.
பர்ஸைத் திறந்து, டிஷ்யூவைப் பிரித்து,
எள் அளவு கறுப்பை
வெறும் கையில் வைத்து நீட்டினேன்.
பின் பெஞ்சுக்காரர்கள்
மேசை மேல் ஏறிப் பார்த்தார்கள்.
இறங்கு என்று
சொல்ல மறந்துவிட்டேன்.